வரிக்காரர்கள் வருகிறார்கள்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். தங்கையும் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அக்கா பெரியவளாகவும் தங்கை சின்னவளாகவும் ஆகிப்போனார்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் மதில் எழும்பிய சந்தின் கடைசியில் இருந்தது அந்தக் கட்டடம். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்புகளைச் சூடேறிய இரும்பு உருளைக்குள் விடுவது சின்னவள் வேலை. அந்தப் பக்கம் ஆவி பறக்க வெளியே வருவதைப் பிடித்து இழுப்பது பெரியவள் வேலை. சூடு அதிகமான பக்கம் அதுதான். "நீ இன்னும் கொஞ்ச காலம் விரலோட இரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அதைத் தானே எடுத்துக்கொண்டாள்.

சின்னவளின் புருஷன் ஒரு நாள் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், வேலையையும் தேடவில்லை, வீட்டையும் தேடவில்லை. ஒரு பெண் குழந்தையோடு நின்றவளைக் கையோடு கூட்டிவந்து உருளைக்கு முன்னால் நிறுத்தியவள் பெரியவள்தான். அந்தப் பொறுப்பு அவளுக்கு எப்போதும் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார். மடித்த நோட்டுகளை மேஜைமேல் வைத்து விரலால் தள்ளிவிடுவார். கையெழுத்து கிடையாது, ரசீது கிடையாது. வாங்கினவர் கைக்கும் கொடுத்தவர் கைக்கும் மட்டும் தெரிந்த சம்பளம். முதலாளியை அங்கே பாதிப் பேர் பார்த்ததே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை முதலாளி என்பது எப்போதாவது சந்துக்குள் வந்து திரும்ப முடியாமல் திண்டாடும் ஒரு நீளமான வண்டி. எல்லாம் மேனேஜர்தான். சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனுஷர். எல்லோரையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியவள் கேட்டாள், சம்பளத்துக்குச் சீட்டு எதுவும் தர மாட்டீர்களா என்று.

"கணக்குல ஏத்தினா பிடித்தம் போக மிச்சம்தாம்மா கைக்கு வரும்" என்றார் மேனேஜர். "முழுசா வேணுமா, மூளியா வேணுமா? நீங்களே சொல்லுங்க."

மூளியாக வேண்டும் என்று யார் சொல்வார்கள்? பெரியவளின் கணவன் சுவர்ப்பூச்சு வேலைக்காரன். அவனுக்கும் கூலி கைக்குத்தான் வந்தது. "நம்ம சம்பாத்தியம் காத்து மாதிரி. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. இதுக்குப் போயி எவன் வரி போடப் போறான்?" என்று சிரிப்பான். அப்படியே வருஷங்கள் ஓடின. வீட்டு வாடகை கொடுத்தார்கள், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வரி என்ற சொல் அந்த வீட்டில் கடைப் பில்லின் அடியில் மட்டும் இருந்தது.

பிறகு சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்தது. ஹோட்டல்காரர்கள் பாக்கி வைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன் என்றார் மேனேஜர். அடுத்த வாரம் பாதி தந்தார். அதற்கடுத்த வாரம் கையை விரித்தார். பாய்லரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருத்தர்தான் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "தண்ணி இல்லாம பாய்லர் எரியாது சார். நாங்க மட்டும் எரிவமா?" என்றார். மேனேஜர் கோபப்படவில்லை. அவர் தோளில் கைபோட்டு அறைக்குள் கூட்டிப்போனார். வெளியே வந்த பாய்லர் அண்ணன் அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை.

அந்தக் கார் முதலில் கண்ணில் பட்டது சின்னவளுக்குத்தான்.

"அக்கா, அங்க பாரு. காலையில நான் வரும்போதும் நின்னுச்சு."

சந்து முனையில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. உள்ளே இரண்டு ஆட்கள். இஸ்திரி போட்ட சட்டை. ஒருவன் கட்டடத்தைப் போட்டோ எடுத்தான். இன்னொருவன் முழங்காலில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தான். மறுநாளும் வந்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது மேனேஜர் சந்துப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னார். ஆவி போக வழியில்லாமல் கூடம் வெந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"யாரும் பயப்படாதீங்க. வரிக்காரங்க. நம்ம மேல கண்ணு விழுந்துடுச்சு."

மேனேஜர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார்.

"முதலாளிக்கு ஒண்ணும் ஆகாது. அபராதம் போடுவாங்க, கட்டிட்டுப் போயிடுவார். எனக்கு உங்கள நெனச்சாத்தான் தூக்கம் வரல. இத்தனை வருஷமா கையில வாங்கினீங்களே, ஒவ்வொரு காசுக்கும் நீங்க வரி கட்டியிருக்கணும். கட்டினீங்களா? இல்ல. சட்டத்துக்கு முன்னாடி அதுக்குப் பேரு திருட்டு. மொத்தத்தையும் வட்டியோட கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா வீட்டுல இருக்கிறத எடுத்துட்டுப் போவாங்க. அதுவும் போதலைன்னா ஆளைத்தான்."

துண்டு மடிக்கிற வயதான பெண்ணை எல்லோரும் மடிப்பம்மா என்பார்கள். அவள் மெல்லக் கேட்டாள், "சார், நீங்கதானே கணக்குல வேணாம்னு சொன்னீங்க?"

"உங்க நன்மைக்குச் சொன்னேம்மா. நான் சொன்னேன்னு அங்க போயி நீங்க சொன்னாலும் யாரு நம்புவாங்க? உங்ககிட்ட என்ன சாட்சி இருக்கு?" அதையும் அவர் அன்பாகத்தான் சொன்னார்.

கருகல் வாடை அடித்தபோதுதான் உருளையில் ஒரு விரிப்பு சிக்கி நிற்பதைப் பெரியவள் பார்த்தாள். ஓடிப்போய் விசையை நிறுத்தினாள். வெள்ளைத் துணியின் நடுவில் ஆள் படுத்த அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அன்று மேனேஜர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு கூடத்தில் சிரிப்புச் சத்தம் நின்றது. முன்பெல்லாம் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்வார்கள். இப்போது கிசுகிசுப்புத்தான். காட்டிக்கொடுத்தது யார்? சம்பளத்துக்கு வாயடித்த பாய்லர் அண்ணனாக இருக்குமோ? புதுச் செருப்புப் போட்டு வந்தவளாக இருக்குமோ? யாரோ யாருக்கோ தெரிந்த குடும்பத்தில் கட்டிலைக்கூட விடாமல் தூக்கிப்போனார்களாம். இன்னொரு இடத்தில் அப்பனைப் பிடித்துப் போய்விட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஒவ்வொரு கதைக்கும் கால் முளைத்து, கை முளைத்து, சாயங்காலம் வீடு திரும்பும்போது அது கூடவே நடந்து வந்தது.

பெரியவளின் கணவன் முதல் நாள் வழக்கம்போலச் சிரித்தான். "என் சட்டியும் கரண்டியும்தான் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போயி அவங்களே பூசட்டும்." இரண்டு நாள் கழித்து, "நான் வேலை செய்யுற எடத்தப் பத்தி யாராவது கேட்டாங்களா?" என்று விசாரித்தான். அதற்கப்புறம் கதவு தட்டினால் அவன் எழுந்து போவதில்லை. மகளைத்தான் போய்ப் பார்க்கச் சொன்னான். ஒருமுறை வந்தது மின்சார மீட்டர் பார்க்கிறவன். அவன் கையில் இருந்த அட்டையைப் பார்த்ததும், உள்ளே நின்றிருந்த பெரியவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

மேனேஜர் புது ஏற்பாடு ஒன்று செய்தார். சோதனைக்கு ஆள் வந்தால் பாய்லர் அண்ணன் விசில் ஊதுவார். ஊதினதும் எல்லோரும் போட்டது போட்டபடி பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டும். அந்தப் பின்வாசல் வருஷக்கணக்காகத் திறக்காதது. வெளியே உடைந்த படி, பிறகு சாக்கடை, அதற்கப்பால் குப்பைமேடு.

ஒரு மத்தியானம் விசில் ஊதியது. அத்தனை பேரும் ஓடினார்கள். சோப்புத் தண்ணீர் சிந்திய தரையில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினாள். பின்னால் ஒரு அலறல். படியில் கால் தவறி விழுந்த மடிப்பம்மாவின் மணிக்கட்டு, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

வந்தது யாருமில்லை. எப்படி ஓடுகிறார்கள் என்று பார்க்கத்தான் மேனேஜர் ஊதச் சொன்னாராம்.

"ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லுங்கம்மா" என்று மடிப்பம்மாவிடம் குனிந்து சொன்னார். "வேலை செய்யுற எடத்துலன்னு சொன்னீங்கன்னா அது நேரா வரிக்காரங்ககிட்டதான் போகும். அப்புறம் உங்க ஒருத்தரால எல்லாரும் மாட்டுவாங்க." மடிப்பம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பெரியவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அதன் பிறகு ஒவ்வொருத்தராக வேலையை விட்டு நின்றார்கள். சொல்லிக்கொள்ளாமல் நின்றார்கள். பாக்கிச் சம்பளம் எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கேட்டவர்களுக்கு மேனேஜர் ஒரே பதிலைச் சொன்னார்: "இந்த நேரத்துல உங்க கையில பணம் குடுத்தா அதுவே சாட்சி ஆயிடும்மா. அடங்கட்டும். நானே கூப்பிட்டுத் தர்றேன்." கடைசியில் அக்கா தங்கை இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றார். வாசல்வரை கூட வந்து வழியனுப்பினார்.

சின்னவள் அந்த வாரமே வீட்டைக் காலி செய்தாள். புருஷன் வழியில் தூரத்துச் சொந்தம் ஒன்று வேறு ஊரில் இருந்தது. பஸ் நிலையத்தில் குழந்தை ஒரு பக்கம், துணிமூட்டை ஒரு பக்கம். அக்காவும் தங்கையும் நடுவில்.

"குழந்தையோட படிப்பு பாதியில நிக்குதேடி."

"படிப்பு நின்னா பரவால்லக்கா. அம்மா ஜெயிலுக்குப் போனா அவ எங்க நிப்பா?" சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு."

பெரியவள் சத்தியம் செய்யவில்லை. பஸ் கிளம்புகிறது, ஏறு ஏறு என்று மூட்டையைத் தூக்கி உள்ளே கொடுத்தாள். ஜன்னலில் தெரிந்த குழந்தை கையை ஆட்டியது. சின்னவள் முகத்தைத் திருப்பி எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது பின்தொடர்ந்து வந்திருக்கிறார்களா என்று.

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள்தான் பெரியவளுக்குக் கொடுமை. உருளையின் பக்கத்தில் நின்றால் பயத்துக்கு இடையில் வேலையாவது இருந்தது. இப்போது பயம் மட்டுமே முழுநேர வேலை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எண்ணெய்ச் சட்டி கையிலிருந்து நழுவும். மகள் பள்ளியிலிருந்து திரும்பக் கொஞ்சம் நேரமானால் தெருமுனைக்கு ஓடுவாள். ஒரு நாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்.

"நானே வரி ஆபீசுக்குப் போறேங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாம்புப் புத்துக்குள்ள நீயே கைய விடுவியா?"

"அது எப்ப வெளிய வரும்னு வாசல்லயே பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியலங்க. கடிக்கிறதா இருந்தா இன்னைக்கே கடிக்கட்டும்."

ஒரு பைக்குள் மாற்றுத் துணி, சீப்பு, பல் பிரஷ், ஒரு போர்வை எடுத்து வைத்துக்கொண்டாள். பிடித்து உள்ளே வைத்தால் தேவைப்படுமே! மகளிடம், உப்பு எங்கே இருக்கிறது, அப்பாவுக்கு எந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். கணவன் பஸ் நிறுத்தம்வரை பேசாமல் கூட வந்தான். பஸ் வந்ததும் தானும் ஏறிக்கொண்டான். ஆனால் வரி அலுவலக வாசலோடு நின்றுவிட்டான். அவனுக்கு உள்ளே வரக் கால் வரவில்லை.

உள்ளே அவள் நினைத்ததுபோல் எதுவும் இல்லை. காக்கிச் சட்டை இல்லை, கம்பிக் கதவு இல்லை. நாற்காலிகள், டோக்கன், தண்ணீர்க் குடம். முறை வந்ததும் ஒரு பெண் அதிகாரியின் முன் உட்கார்ந்தாள். அந்த அம்மாளுக்குச் சளி. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடியே, "சொல்லுங்கம்மா" என்றாள்.

பெரியவள் சொன்னாள். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷம் கையில் வாங்கினேன், ஒரு காசு வரி கட்டியதில்லை, திருட வேண்டும் என்று செய்யவில்லை, மகள் இருக்கிறாள், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று முடித்தாள். அதிகாரி அடையாளத்துக்காக ஒரு சின்னப் பெட்டியை நகர்த்தி விரலை வைக்கச் சொன்னாள். பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியது. இன்னொரு விரல். மறுபடியும் சிவப்பு.

"உங்க விரல்ல ரேகையே இல்லையேம்மா!"

"சூடு பட்டுப் பட்டுப் போயிடுச்சு" என்றாள் பெரியவள். அதுவும் ஒரு குற்றமாக எழுதப்படுமோ என்று நினைத்தாள்.

அதிகாரி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டாள். "இங்க பாருங்க. கையில வாங்கினாலும் சரி, பேங்க்ல வாங்கினாலும் சரி, சம்பாத்தியம் சம்பாத்தியம்தான். முதலாளி மறைச்சாலும் நீங்க வந்து சொல்லியிருக்கணும். அது உங்க கடமை. சொல்லாதது தப்புதான்."

பெரியவளின் கை பையின் காதை இறுக்கிப் பிடித்தது.

"ஆனா உங்க சம்பளத்துக்குப் பாதி வருஷங்கள்ல வரியே வராது. வர்ற வருஷங்களுக்கும் பெருசா ஒண்ணும் இருக்காது. லேட்டா சொன்னதுக்கு ஒரு அபராதம் உண்டு. தவணையில கட்டலாம். நாங்க தேடி வந்து புடிக்கிறது வேற, நீங்களா வந்து சொல்றது வேற." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது சரி, இந்தப் பையில என்ன?"

"மாத்துத் துணி."

அதிகாரி அவளைச் சற்று நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. "உங்க சம்பளத்துல பிடிச்சு, தன் பங்கையும் போட்டு, உங்க பேருல கட்ட வேண்டியது முதலாளி. அடிபட்டா வைத்தியத்துக்கு, வேலை போனா கொஞ்ச நாள் சாப்பாட்டுக்கு, வயசானா கைச்செலவுக்கு, எல்லாம் அதுலேர்ந்துதான் வரும். அத அவரு உங்களுக்கு மிச்சம் பண்ணிக் குடுக்கலம்மா. தனக்கு மிச்சம் பண்ணிக்கிட்டாரு." பிறகு ஒரு தாளைத் திருப்பி வைத்தாள். "யார்கிட்ட வேலை செஞ்சீங்கன்னு இங்க எழுதணும்."

பெரியவளின் பேனா நின்றது. "அதான் உங்க ஆளுங்களே கார்ல வந்து பாத்துட்டுப் போறாங்களே" என்றாள்.

"எந்தக் காரு?"

சாம்பல் நிறக் கார், போட்டோ, அட்டை எல்லாம் சொன்னாள். அதிகாரி பக்கத்து மேஜைக்காரரிடம் டிப்போப் பக்கம் நம் ஆட்கள் யாராவது போனார்களா என்று கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சந்துல உக்காந்து வேடிக்கை பாக்க எங்களுக்கு யாரும்மா காரு குடுத்து பெட்ரோல் போடுறாங்க? நாங்க வந்தா நேரா உள்ளதான் வருவோம்."

யோசித்துப் பிறகு வந்து எழுதுகிறேன் என்று எழுந்தவள் கணவனையும் இழுத்துக்கொண்டு நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனாள். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. சாம்பல் நிறக் கார் வாசலிலேயே நின்றது. உள்ளே உருளை இல்லை, பாய்லர் இல்லை, தள்ளுவண்டிகள் இல்லை. எந்திரங்கள் நின்ற இடங்களில் துருப்பிடித்த வட்டங்கள். அந்த இரண்டு பேரும் டேப்பைப் பிடித்துத் தரையை அளந்துகொண்டிருந்தார்கள்.

"லாண்டரியா? அது ஊருக்கு வெளிய பெருசா கட்டிப் போயிடுச்சே" என்றான் ஒருவன். "இந்த எடத்த நாங்க குடோனுக்கு வாங்கிட்டோம். ரொம்ப நாளா பேசிட்டுத்தானே இருந்தோம். உங்க மேனேஜர்தான், ஆளுங்க இருக்கும்போது உள்ள வராதீங்க, தூரத்துலயே பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு."

பெரியவள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டாள். வரிக்காரர்கள் வரவே இல்லை. யாரையும் வேலையிலிருந்து நீக்காமல், யாருக்கும் பாக்கி கொடுக்காமல், அத்தனை பேரையும் அவர்கள் காலாலேயே ஓட வைத்துவிட்டார் மேனேஜர். படியில் விழுந்த மடிப்பம்மாவின் அலறல் இப்போதுதான் அவள் காதில் முழுசாகக் கேட்டது.

அன்றும் மறுநாளும் அவள் வீடு வீடாகப் போனாள். சோதனையும் இல்லை ஒன்றும் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள், வாருங்கள் போய்ச் சொல்லலாம் என்றாள். ஒருத்தி கதவைத் திறக்கவே இல்லை. இன்னொருத்தி, "அவங்கதான் உன்ன அனுப்பினாங்களா?" என்று கேட்டாள். பாய்லர் அண்ணன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புது இடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். கண்ணாடி அறைக்குள் அவரிடம் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

சேதி எப்படியோ மேனேஜர் காதுக்குப் போய், அந்த இரண்டாம் நாள் சாயங்காலமே அவர் வீடு தேடி வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம். செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பெரியவள் டீ போட்டு வைத்தாள். கணவன் சுவரோடு நின்றான்.

"புது எடம் ரொம்ப வசதிம்மா. ஜன்னல் எல்லாம் பெருசு. உங்களுக்கும் தங்கச்சிக்கும் அங்க எடம் வச்சிருக்கேன். வரி ஆபீசுல கேட்டா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சேன்னு எழுதிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான்." மூலையில் படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்துப் புன்னகை செய்தார். "பாப்பா நல்லா வளந்துட்டாளே. எந்த ஸ்கூலு? அந்த ரயில்வே பாலத்துக்கு அடியிலதானே தினமும் நடந்து போவா?"

டீயின் மேல் ஆடை படிந்தது. பாலத்துக்கு அடியில் போகிற வழி இவருக்கு எப்படித் தெரியும்? இவர் என்றைக்குப் பார்த்தார்?

அவள் வாயிலிருந்து அவளே நினைக்காத ஒரு பொய் வந்தது.

"எழுதிக் குடுத்தாச்சு சார்."

"என்ன?"

"காலையிலயே குடுத்தாச்சு. உங்க பேரு, முதலாளி பேரு, புது எடம், எல்லாம். பாப்பா பள்ளிக்கூடம் போற வழி உங்களுக்குத் தெரியும்கிறதையும் நாளைக்குச் சேத்து எழுதிக் குடுத்துடுறேன்."

மேனேஜர் எழுந்தார். முதல்முறையாக அவர் "அம்மா" என்று சொல்லவில்லை. "கைநாட்டுகூட வைக்கத் தெரியாதவளுக்கு எழுத்து வேறயா?" என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டலம் மேஜையிலேயே கிடந்தது. கணவன் அதை எடுத்துப் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்து நெடுநேரம் நின்றான்.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே பெரியவள் வாசலில் நின்றாள். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டியிருந்தது. இந்த முறை கணவனும் உள்ளே வந்தான். வேலை கொடுத்தவர் பெயருக்கென்று காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். விசிலைச் சொன்னாள், பின்வாசலைச் சொன்னாள், மடிப்பம்மாவின் மணிக்கட்டைச் சொன்னாள், முந்தின நாள் வீட்டுக்கு வந்தவரையும் சொன்னாள். கணவன் தன் கூலியைப் பற்றியும் மெல்ல ஆரம்பித்தான்.

கொஞ்ச நாள் கழித்து உண்மையான வரிக்காரர்கள் போனார்கள். அதிகாரி சொன்னதுபோலவே நேராக உள்ளே போனார்கள். புதுக் கட்டடத்திலும் ஒரு பின்வாசல் இருந்ததாம், அதன் வழியாகப் பாதிப் பேர் ஓடினார்களாம். அங்கே வேலை கிடைத்திருந்த பழைய ஆட்களுக்கு அந்த வேலையும் போயிற்று. முதலாளி அபராதம் கட்டினார். அந்த விஷயத்தில் மட்டும் மேனேஜர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். மேனேஜரை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சம்பளப் பாக்கிக்கான மனு தொழிலாளர் அலுவலகத்தில் மேஜை மாறி மேஜை போய்க்கொண்டிருந்தது. பாய்லர் அண்ணனின் மனைவி கடையில் பெரியவளைப் பார்த்துக் காறித் துப்பினாள். மடிப்பம்மா மட்டும் ஒரு நாள் வந்தாள். கோணலாகச் சேர்ந்துவிட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னையும் அங்க கூட்டிட்டுப் போறியா?" என்றாள். பெரியவள் கூட்டிப்போனாள்.

இப்போது அவள் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறாள். சம்பளச் சீட்டு வருகிறது. அதில் பிடித்தம் இருக்கிறது. தன் பழைய வரிக்குத் தவணையும் கட்டிவருகிறாள். மகளைப் பள்ளிக்குக் கணவன்தான் கொண்டுபோய் விடுகிறான், பாலத்தைச் சுற்றிக்கொண்டு நீளமான வழியில். சந்தில் எந்தக் கார் நின்றாலும் பெரியவளின் கண் முதலில் அதன் உள்ளேதான் போகிறது.

தங்கையின் போன் நெடுநாள் கழித்து வந்தது. தெரியாத எண். பெரியவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்போது யாரும் வரவே இல்லை, எல்லாம் மேனேஜரின் வேலை, நீ பயப்பட ஒன்றுமில்லை, குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வா என்றாள்.

மறுமுனையில் எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப வரல. சரி. நீ போயி அவங்களக் கூட்டிட்டு வந்துட்டியே அக்கா."

"அப்படி இல்லடி. நமக்கு ஒண்ணும் ஆகாதுடி. நான் சொல்றேன்ல? இப்ப நீ எங்க இருக்க? என்ன வேலை? சம்பளம் எப்படித் தர்றாங்க?"

"அது எதுக்கு உனக்கு? சொன்னா அதையும் எழுதிக் குடுத்துடுவ."

பின்னாலிருந்து குழந்தை, போனில் யாரம்மா என்று கேட்டது. யாருமில்லை என்று சின்னவள் சொல்வதும் கேட்டது. அதோடு தொடர்பு போயிற்று. பெரியவள் அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வழியில் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். இப்போது அந்தப் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது பதிவுக் குரல்.